காதைத் தொட்டால் நான் வருகிறேன்

1

எங்கள் ஊரில் பலர் நான் சிங்கப்பூரில் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போன முறை மன்னார்குடிக்கு வந்திருந்தபோது டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து தோள்துண்டை இடுப்புக்கு இறக்கினார். ஐயா, நான் பஸ் இன்ஸ்பெக்டர்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதையும் என் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் கைது செய்வதில்லை. காக்கிச் சட்டை உண்டு, தொப்பி உண்டு, கழுத்தில் ஒரு விசில் உண்டு. லத்தி கிடையாது.

என் வேலை நடுத்தெருவில் நிற்பது. வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி டிக்கெட் பார்ப்பேன். ஒரு பஸ் படுத்துவிட்டால் அதிலிருப்பவர்களை இறக்கி அடுத்த பஸ்ஸில் திணிப்பேன். இறங்குகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், அடுத்த பஸ்ஸில் ஏற்கெனவே இருப்பவர்களும் என்னைத்தான் திட்டுவார்கள். மேலே கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ் இருந்த காலத்தில், கூரையிலிருந்து நீளும் கொம்பு கம்பியைவிட்டு நழுவி நாற்சந்தியில் பஸ் நின்றுபோனால், கண்டக்டர் மூங்கில் கழியால் அதைத் தூக்கி மாட்டும்வரை நான்கு பக்கத்து ஹார்னுக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். திருவிழா, பந்தாட்டம், மழை, எதுவானாலும் ஜனங்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் அங்கே என்னை நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நான் கற்ற வித்தை ஒன்றே ஒன்றுதான். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸைக் கொண்டுபோகக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கூட்டத்தை அதனிடம் நடத்திக்கொண்டு வரவேண்டும். நடக்க நடக்கக் கூட்டம் மறுபடியும் மனிதர்களாகிவிடும்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம், இந்தத் திங்கட்கிழமை என் மகள் ராஜி முதல் நாள் வேலைக்குப் போனாள். பதினெட்டு வயது முடிந்திருக்கிறது. ஆசிரியைப் பயிற்சி. பாதி நாள் அவள் படிக்கவேண்டும், பாதி நாள் கிராஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவேண்டும். பஸ் நிறுத்தத்தில் அன்று காலை நடந்தது ஒரு நொடிக் காரியம். ஆனால் அது உங்களுக்குப் புரியவேண்டுமென்றால், அவள் கப்பலைவிட்டு இறங்கிய நாளிலிருந்து தொடங்கவேண்டும்.

2

நான் கப்பலேறும்போது ராஜி அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். ஒரு வருஷத்தில் இருவரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று கமலத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் சட்டம் என்றால் என்னவென்று தெரிந்தது. வேலை இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். குடியிருக்க இடம் இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இரண்டையும் கொடுத்தேன். பிறகு கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஊரே வந்து இலை போட்டுச் சாப்பிட்டுப் போனதுதான் அத்தாட்சி. அதை எந்தக் கவுண்டரில் நீட்டுவது? கடைசியில் கிராம முன்சீப்பிடம் ஒரு கையெழுத்து, தாசில்தாரிடம் ஒரு முத்திரை என்று அலைந்து, நானும் கமலமும் புருஷன் பெண்சாதிதான் என்று இரண்டு சர்க்காரும் ஒத்துக்கொள்வதற்குள் என் மகள் பல் விழும் வயசுக்கு வந்துவிட்டாள்.

கப்பலில் டெக்கில் வந்தவர்களை நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு தீவில் இறக்கிச் சில நாள் வைத்திருந்துதான் ஊருக்குள் விடுவார்கள். விடும் நாளில் துறைமுகத்தில் நின்றேன். புதுச் சட்டை, கையில் ஒரு பொட்டலம் பிஸ்கோத்து. அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் ஒரு தமிழ் கிளார்க். எல்லாத் தாளையும் பார்த்து முடித்த பிறகு அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, குழந்தையைக் கேள் என்றார். கிளார்க் குனிந்து கேட்டார்.

"இவரு யாரும்மா?"

ராஜி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிஸ்கோத்தையும் பார்த்தாள். பிறகு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னாள்.

"தெரியாது."

அந்தக் கிளார்க்கை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். குழந்தை என்ன சொல்கிறது என்று அதிகாரி கேட்டதற்கு, வெட்கப்படுகிறது என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டார். முத்திரை விழுந்தது. கமலம் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் 'தெரியாது' மட்டும் என்னோடு வீடுவரை வந்தது.

காரணம் அன்று சாயங்காலமே வெளிப்பட்டது. ராஜியின் தகரப்பெட்டியில் என் போட்டோ ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் எடுத்தது. ஊரில் அதைக் காட்டித்தான் இதுதாண்டி அப்பா என்று அவளை வளர்த்திருக்கிறார்கள். அந்தப் போட்டோவில் என் இரண்டு காதிலும் கடுக்கன் இருந்தது. வேலையில் சேர்ந்தபோது உடுப்போடு நகை கூடாது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். நானும் கழற்றி ஒரு மாத்திரை டப்பியில் போட்டு வைத்துவிட்டேன். ராஜி போட்டோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு என் காதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். படத்துல இருக்கிற அப்பாவுக்குக் கடுக்கன் இருக்குதே என்று கேட்டாளாம்.

கமலம் எல்லாவற்றையும் விளக்கினாள். நானும் குனிந்து காதுத் துளையைக் காட்டினேன். அவள் டாக்டர் மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் போட்டோவைத் திரும்பவும் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் அவளுக்கு 'அவங்க'. அம்மா, அவங்க குளிச்சிட்டாங்க. அம்மா, அவங்களுக்குச் சோறு வேணுமாம். மரியாதைக்குக் குறைவே இல்லை. பக்கத்து அறையில் குடியிருந்தவரையும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

அப்பா என்று கூப்பிடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பகலெல்லாம் அடுத்தவரிடம் டிக்கெட் எங்கே, டிக்கெட் எங்கே என்று கேட்கிறவன் நான். வீட்டுக்கு வந்து பெற்ற பிள்ளையிடமும் கையை நீட்டிக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. அவளாகத் தரவேண்டும். தராமலே போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

3

கடுக்கன் போனாலும் விரல் அதை மறக்கவில்லை. யோசிக்கும்போதும், டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதும் வலது கை தானாகப் போய்க் காது மடலைப் பிடித்து இழுக்கும். எனக்கு இது தெரியாது. எனக்குத்தான் தெரியாது. எங்கள் கம்பெனியில் பஸ் ஓட்டிய அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லவேண்டும். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஜென்ம விரோதி இன்ஸ்பெக்டர். ஆகவே ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு சைகை வைத்திருப்பார்கள். மீசைக்காரர் ஒருவருக்கு மேலுதட்டில் விரலை ஓட்டுவார்கள். தொந்தியுள்ளவருக்கு ஸ்டியரிங்கைவிட்டு ஒரு கையெடுத்து வயிற்றைத் தட்டுவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பஸ் தாண்டும்போது ஒரு டிரைவர் மற்றவனுக்கு இந்தச் சைகையைக் காட்டுவான். நான் வந்த இடத்தில் இவர் நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். பார்த்தவன் உடனே கண்டக்டரை எச்சரிப்பான். சட்டைப் பித்தான் ஏறும், தொப்பி தலைக்குப் போகும், விட்டுப்போனவர்களுக்கெல்லாம் அவசர அவசரமாக டிக்கெட் கிழிபடும். மீசைக்காரரின் சைகை எனக்குத் தெரியும். என்னுடையது அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவர் சைகையை அவரிடமே சொல்வது எங்களுக்குள் நாகரிகமில்லை. ஆகவே எனக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே எட்டுத் திக்கும் என் பேர் பரவியிருந்தது.

அப்போது நாங்கள் தேக்காவில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். மிளகாய் அரைக்கும் நாளில் மூன்று பேரும் தும்மிக்கொண்டே சாப்பிடுவோம். ஜன்னலைத் திறந்தால் சிராங்கூன் ரோடு. நடு வருஷத்தில் வந்ததால் ராஜியை எந்தப் பள்ளியிலும் சேர்க்க முடியவில்லை. பகல் முழுவதும் அந்த ஜன்னல்தான் அவளுக்கு. உங்கப்பா இந்த பஸ்ஸுங்கள்ளதான் வேலை பாக்கறாங்க என்று கமலம் சொல்லிவைத்திருந்தாள். என் வேலை தெருமுனையில் இருக்கும் நாட்களில் அவளால் என் தொப்பியையும் பார்க்க முடியும். பார்த்துப் பார்த்து அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் தெருவில் நிற்கும் நாட்களில் எல்லாம், தாண்டிப் போகிற டிரைவர்கள் காதைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் இல்லாத நாட்களில் இழுப்பதில்லை.

"அம்மா, பஸ்காரங்களும் கடுக்கனைத்தான் தேடறாங்க" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் என் சைகை அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

4

அவர்கள் வந்து சில மாதம் கழித்து ஒருநாள் ஜாலான் புசார் மைதானத்தில் பந்தாட்டம். மலாயாப் பக்கத்து அணி ஒன்று வந்திருந்தது. ஜாலான் புசார் நெரிசலாகிவிடும் என்பதால் சில பஸ்களைச் சுற்றுவழியாகத் தேக்கா பக்கம் திருப்பிவிட்டிருந்தோம். மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முனையில், சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நான் நின்றேன். வரும் பஸ்கள் எல்லாம் என் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கவேண்டும். ஜனங்கள் மைதானத்திலிருந்து நடந்து என்னிடம் வரவேண்டும். மற்றதை விசில் பார்த்துக்கொள்ளும்.

கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி தோற்றுப்போனது. இது எனக்குக் கெட்ட செய்தி. ஜெயித்த நாளில் கூட்டம் ஆடிப்பாடிக்கொண்டு பாதித் தூரம் நடந்தே போய்விடும். தோற்ற நாளில் எல்லாருக்கும் உடனே வீட்டுக்குப் போகவேண்டும். பேசாமல் வருவார்கள், பேசாமலே முழங்கையால் இடிப்பார்கள். பஸ் நிற்பதற்கு முன்பே படியில் தொத்துவார்கள். சக்கரத்தில் கால் போவதெல்லாம் அப்படிப்பட்ட நாளில்தான்.

ஆனால் அன்று ஓர் அதிசயம் நடந்தது. வந்த பஸ்கள் எல்லாம் அணிவகுப்புக்கு வருவதுபோல வந்தன. ஒவ்வொரு கண்டக்டர் தலையிலும் தொப்பி. கழுத்துவரை பித்தான். வண்டிகள் வெள்ளைக் கோட்டில் அளந்து வைத்ததுபோல நின்றன. எப்போதும் வாயில் சிகரெட்டோடு வருகிற ஒரு டிரைவர் எனக்கு சல்யூட் அடித்தார். நானும் மனுஷன்தானே. ஏழெட்டு வருஷமாகக் கத்தியதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது என்று பெட்டியின்மேல் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அந்தப் பெருமையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கமலம் வந்தாள். கையில் மார்க்கெட் கூடை, அதில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"ஏங்க, ராஜியைக் காணோங்க. பஸ்ல ஏறிட்டாளாம்."

தேக்கா நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் முருங்கைக்காயைப் பொறுக்கித் திரும்புவதற்குள் பிள்ளை பக்கத்தில் இல்லை. பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸில் சின்னப் பெண் ஒன்று ஏறியதைப் பார்த்திருக்கிறாள். எந்த பஸ், எங்கே போகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மார்க்கெட் முழுவதும் ஒரு சுற்றுத் தேடிவிட்டு, கமலம் தேக்காவிலிருந்து ஜாலான் புசார்வரை ஓடியே வந்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளைக்கு மலாய் தெரியாது, சீனம் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. வீட்டு விலாசம் தெரியாது. என் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்தி நீ யார் பெண் என்று கேட்டால் என்ன சொல்வாள்? துறைமுகத்தில் சொன்னதைத்தானே சொல்வாள்.

பெட்டியைவிட்டுக் குதித்து ஓடத்தான் உடம்பு துடித்தது. ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது? அவள் ஏதோ ஒரு பஸ்ஸில் இருக்கிறாள். பஸ்கள் எல்லாம் என் முன்னால்தான் வந்து நிற்கின்றன. நான் இறங்கினால் இந்தக் கூட்டத்தில் யார் பிள்ளையாவது சக்கரத்தில் மாட்டும். கமலத்தைக் கடைப்படியில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் ஏறினேன். ஒவ்வொரு பஸ்ஸையும் விசிலடித்து நிறுத்தி, சின்னப் பெண் ஒன்றைப் பார்த்தாயா என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதாவது, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கண்டக்டர் டிக்கெட் கட்டை நீட்டினார், எல்லாருக்கும் கிழித்தாயிற்று ஐயா என்றார். அடுத்தவர், படியில் நிற்பவர்களை நான் ஏற்றவில்லை, அவர்களாகத் தொத்தினார்கள் என்றார். குழந்தை, குழந்தை என்று நான் கத்தினேன். குழந்தைக்கு அரை டிக்கெட் கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தார் மூன்றாமவர்.

என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினேன். வியர்வையைத் துடைக்கத்தான் கழற்றினேன் என்று நினைக்கிறேன். அடுத்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஆ செங் என்ற சீன இளைஞன். அவனுடைய படியைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டேன். தம்பி, என் மகள் காணாமல் போய்விட்டாள், சின்னப் பெண், ரெட்டைச் சடை.

அவன் என் வெறுந்தலையைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். நீட்டவந்த டிக்கெட் கட்டைப் பைக்குள் போட்டான். பிறகு டிரைவரைப் பார்த்து, ஐயோ, அது இதுக்கா என்கிற மாதிரி ஏதோ சீனத்தில் சொன்னான். என்னிடம் மலாயில், டிரைவர் சூசையின் பஸ் வழியெல்லாம் சைகை காட்டிக்கொண்டே வருகிறது, நாங்கள் எல்லாரும் செக்கிங் என்று நினைத்துவிட்டோம் என்றான். என்ன சைகை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, குற்றவாளி மாதிரி, வலது காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

அப்போதுதான் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அதுவும் காதில்தான் இருந்தது.

5

நடந்தது இதுதான். சூசை எங்கள் பழைய டிரைவர். தஞ்சாவூர்ப் பக்கத்து வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர், என்னைக் கண்டால் மட்டும் சைகை காட்டத் தவறாதவர். அன்று அவர் ஜாலான் புசாரில் என்னைத் தாண்டிச் சுற்றுவழியாகத் தேக்கா நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது, எதிரே வந்த பஸ்ஸுக்குக் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். முருங்கைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்ற ராஜி அதைப் பார்த்திருக்கிறாள். காதை இழுக்கிற பஸ் அப்பாவிடம் போகிற பஸ் என்பது அவள் கணக்கு. ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

கணக்கு முக்கால்வாசி சரி. கால்வாசிதான் தப்பு. சைகை காட்டுகிற பஸ் என்னிடமிருந்து வருகிற பஸ். காட்டப்படுகிற பஸ்தான் என்னிடம் போகிற பஸ். எங்களை மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. என்னிடம் வருவதற்காக ஏறியவள், நிறுத்தத்துக்கு நிறுத்தம் என்னைவிட்டு விலகிப் போய்ப் பாயா லேபார் கடைசி நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சூசையின் கண்டக்டர் மாட் நூர் என்ற மலாய்க்காரர். தேக்கா வழியில் வருஷக்கணக்காக ஓடியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தவளிடம், யாரு கூட வந்தே என்று கேட்டிருக்கிறார். ராஜி காதைப் பிடித்து இழுத்தாள். மாட் நூர் உடனே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். அங்கே யாரும் இல்லை. அவள் மறுபடியும் இழுத்தாள். அப்புறம்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

இரண்டு பேரும் நேரம்கூடப் பார்க்காமல் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். நான் எங்கே நிற்கிறேன், இன்னும் ஜாலான் புசாரிலா, வேறெங்காவது போய்விட்டேனா என்று தெரியவேண்டும். எதிரே வந்தவர்களுக்கும் நிறுத்தங்களில் நின்றவர்களுக்கும் சூசை காதைத் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சைகையில் கேள்வி கேட்க வழியில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பித்தானைப் போட்டார்கள். அது ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்குத் தாவி, சூசைக்கு முன்னாலேயே ஜாலான் புசாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் என் திறமை என்று நினைத்து நிமிர்ந்து நின்றதெல்லாம் என் மகள் காணாமல் போன செய்திதான்.

சூசையின் பஸ் வந்தபோது அதை என்னால் நெருங்க முடியவில்லை. அவ்வளவு கூட்டம். மாட் நூர் ஜன்னல் வழியாக ராஜியை வெளியே நீட்டினார். என்ன ஏதென்று கேட்காமல் யாரோ ஒரு சீனர் வாங்கினார், அவரிடமிருந்து ஒரு மலாய்க்காரர் வாங்கினார். தலைக்குமேல் கைமாறிக் கைமாறி அவள் என்னிடம் வந்தாள். பந்தை உதைத்தவர்களைக்கூட அன்று யாரும் அப்படித் தூக்கவில்லை.

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தொப்பி எங்க?"

தொப்பி முருங்கைக்காய்க் கூடைக்குள் இருந்தது. எப்போது அங்கே போனதென்று தெரியவில்லை.

மாட் நூர் படியில் தொங்கிக்கொண்டு, பாயா லேபாரில் நடந்ததை மலாயில் சொன்னார். முதலில் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தாராம். அப்புறம் அவள் சொன்னதைச் சொல்லும்போது, தன் நெஞ்சைத் தொட்டு, காதைத் தொட்டு, அவளைப் போலவே செய்துகாட்டினார்.

"இத்து சாயா பூஞா பப்பாக்."

அது என் அப்பா. என் மகள் என்னை அப்பா என்று முதன்முதலில் சொன்னதை நான் மலாயில்தான் கேட்டேன். எந்த பாஷையில் கேட்டால் என்ன? அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுத நான் எழுத்தாளன் இல்லை.

கூட்டம் இன்னும் கலையவில்லை. ராஜியை இறக்கிவிட மனமில்லாமல் ஒரு கையில் அவளைப் பிடித்தபடியே சோடாப் பெட்டியில் ஏறி விசிலை ஊதினேன். இடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வரிசையானார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறவன் சொன்னால் கேட்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் டப்பியிலிருந்து கடுக்கனை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். துளை பாதி தூர்ந்திருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜிக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம்பா. வலிக்கும், விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். கமலம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

இன்ஸ்பெக்டருக்குத் தன் சைகை தெரிந்துவிட்டால் டிரைவர்கள் வேறு சைகைக்கு மாறவேண்டும் என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். சூசைதான் தடுத்தாராம். மாத்தினா அந்தப் பாப்பாவுக்குத் திரும்பவும் யாரு சொல்லிக் குடுக்கறது என்று கேட்டிருக்கிறார். அதனால் என் சைகை மட்டும் எனக்குத் தெரிந்தே ஓடிக்கொண்டிருந்தது. எதிரே காது இழுபடுவதைப் பார்த்தால் நான் கடை போர்டு படிக்க ஆரம்பித்துவிடுவேன். பிறகு டிராலி பஸ்கள் போயின. கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். சூசை ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது வரும் இளைஞர்கள் எனக்கு வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள். என்னவென்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

பழைய சைகை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்து வந்துவிட்டோம். இங்கே பிறந்த மகன் சேகருக்குப் பத்து வயது. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது முக்கால்வாசி இங்கிலீஷ். தமிழில் பேசினாலும் வால் மாதிரி ஒரு 'லா' தொங்கும். அப்பா வந்தாச்சு லா. வேணாம் லா. நான் முறைத்தால் ஒரு நாள் நிற்கும், மறுநாள் வந்துவிடும். நான் இல்லாத நேரத்தில் ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டு அலறும். நான் கீழே வருவதை ராஜி தாழ்வாரத்திலிருந்து பார்த்துவிட்டால், வீட்டுக்குள் திரும்பிக் காதைத் தொடுவாள். ரேடியோ அணையும், சேகரின் தமிழ்ப் புத்தகம் திறக்கும். இது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைக்கிறார்கள். நான் படியில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுகிறேன். அவர்களுக்கும் நேரம் வேண்டுமே.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். பஸ் நிறுத்தம்வரை நானும் வரட்டுமா என்று கேட்டேன். நான் என்ன சின்னப் பிள்ளையா என்றாள். சரி என்றேன். அவள் கிளம்பிய பிறகு கமலத்திடம் மார்க்கெட் பையை வாங்கிக்கொண்டு நானும் இறங்கினேன். சாலைக்கு இந்தப் பக்கம், மரத்தடியில், வேறு வேலையாக நிற்கிறவன் மாதிரி நின்றேன். இப்படி நிற்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமில்லை.

பஸ் வந்தது. வெளிர்நீலப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. கூட்டத்தில் அவளுக்கு என்னைத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். பஸ் நகர்ந்தது.

எதிரே வேறு கம்பெனி பஸ் ஒன்று வந்தது. ஓட்டியவர் இளைஞர், எனக்கு முன்பின் தெரியாதவர். இரண்டு பஸ்களும் தாண்டிய அந்த ஒரு நொடியில், ராஜி ஜன்னல் வழியாக அந்த டிரைவரைப் பார்த்தாள். வலது காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. நான் வந்த இடத்தில் இவர் நிற்கிறார். அவள் பஸ் முனை திரும்பி மறையும்வரை அந்த இடத்திலேயே நின்றேன்.